சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மொத்தம் எவ்வளவு?

வாடகைக் கார் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு நாள் வாடகைதான். 90, 110, 165 ரிங்கிட் என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் போன் போடுகிறார்கள். மலேசியாவில், பினாங்கில் முதல் தடவையாக நான் கார் வாடகைக்கு எடுத்தபோது, அந்த எண்ணை மட்டும் வைத்து எந்த நிறுவனம் மலிவு என்று சொல்லவே முடியாது என்பது தெரிந்தது. நாள் வாடகை அதிகமாகக் கேட்ட இடத்தில்தான் எனக்கு மொத்தச் செலவு குறைந்தது. அது எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன். நம் ஆட்கள் பெரும்பாலும் கல்யாணம், கருமாதி, திருவிழா என்று வரும்போதுதான் அவசர அவசரமாகக் கார் தேடுவார்கள். அந்த அவசரத்தில் ஒப்பந்தத் தாளை யாரும் படிப்பதில்லை.

எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில். எனக்கு வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். போக வர மோட்டார் இருக்கிறது, அதனால் கார் வாங்கும் தேவை வந்ததில்லை. தம்பிக்குச் சுங்கை சிப்புட்டில் பெண் பார்த்துப் பரிசம் போட நாள் குறித்தார்கள். அப்பா, அம்மா, தம்பி, அக்கா, அத்தான், அவர்களுடைய குழந்தை, நான். பெரோடுவா அல்சா மாதிரி மூன்று வரிசை இருக்கை உள்ள கார் வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு எடுத்து, ஞாயிறு இரவு 8 மணிக்குத் திருப்பித் தருவதாகத் திட்டம்.

முதல் கணக்கு இந்த நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. நம் மனக்கணக்கில் வெள்ளி, சனி, ஞாயிறு. வாடகைக் கார்க்காரர்களின் கணக்கு 24 மணி நேரம்தான் ஒரு நாள். வெள்ளி 3 மணியிலிருந்து ஞாயிறு 8 மணி வரை 53 மணி நேரம் ஆகிறது. அதாவது இரண்டு நாளும் கூடுதலாக 5 மணி நேரமும். அந்த 5 மணி நேரத்தைச் சிலர் மணிக்கு இவ்வளவு என்று போடுவார்கள், சிலர் முழு நாளாகவே போட்டுவிடுவார்கள். ஒரே கார், ஒரே பயணம், ஆனால் ஓர் இடத்தில் இரண்டே சொச்சம் நாள், இன்னோர் இடத்தில் மூன்று நாள். போன் போடும்போது "மூணு நாளைக்கு" என்று சொல்லாமல், எடுக்கும் மணியையும் கொடுக்கும் மணியையும் சொல்லிக் கேட்பதுதான் சரி.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். விமான நிலையத்தில் முகப்பு வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒன்று, இணையத்தில் பார்த்தது. பெருநிலத்தில், பிறையில் நம் தமிழர் ஒருவர் நடத்தும் சிறிய நிறுவனம் ஒன்று. மூன்றாவது, வேலையிடத்தில் ஒரு தோழி கொடுத்த நம்பர். தன் சொந்தக் காரை வார இறுதியில் வாடகைக்கு விடும் ஒருவர்.

பெரிய நிறுவனத்தின் நாள் வாடகை 165 ரிங்கிட். பார்த்ததும் நல்ல விலையாகத்தான் இருந்தது. பக்கம் பக்கமாக அழுத்திக்கொண்டு போனால், 53 மணி நேரத்தை மூன்று நாளாகப் போட்டு 495. சேதப் பொறுப்பைக் குறைக்கும் காப்பு நாளுக்கு 35, அது 105. அத்தானும் ஓட்டுவார் என்பதால் இரண்டாவது ஓட்டுநருக்கு நாளுக்கு 10, அது 30. விமான நிலையத்தில் எடுப்பதற்கான கட்டணம் 30. ஆக 660. அதற்கு மேல் 8 விழுக்காடு சேவை வரி, 52 ரிங்கிட் 80 சென். மொத்தம் 712.80. இந்தத் தொகை கடைசிப் பக்கத்தில்தான் முழுதாகத் தெரிந்தது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் எழுதியே இருக்கிறது. ஆனால் 165 என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் 712-இல் வெளியே வருகிறார்கள்.

பிறை அண்ணனிடம் போனில் கேட்டேன். நாள் வாடகை 210 என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் உடனே, "அதிகமா இருக்கே, வேற பாரு" என்றார். நான் விடாமல் கேட்டேன்.

"அண்ணே, அந்த எக்ஸ்ட்ரா அஞ்சு மணி நேரத்துக்கு எப்படிப் போடுவீங்க?"

"மணிக்கு இருபது ரிங்கிட் மா."

"ரெண்டாவது ஆள் ஓட்டுனா?"

"லைசென்ஸ் போட்டோ அனுப்பிடுங்க, பேர் சேர்த்துக்கறேன். அதுக்குக் காசு இல்ல."

கணக்கைப் பாருங்கள். இரண்டு நாளுக்கு 420, 5 மணி நேரத்துக்கு 100, ஆக 520. சேதப் பொறுப்பைக் குறைக்கும் காப்பு மொத்தமாக 50. வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுத் திரும்ப எடுத்துப் போக 40. மொத்தம் 610. நாளுக்கு 45 ரிங்கிட் அதிகம் கேட்டவர், கடைசியில் 102 ரிங்கிட் 80 சென் குறைவாக வந்தார். சேவை வரி பற்றியும் கேட்டேன். விற்றுமுதல் ஒரு வரம்பைத் தாண்டிப் பதிவு செய்துகொண்ட நிறுவனங்கள்தான் அந்த வரியைப் பிடிக்க வேண்டும். தான் அந்த அளவுக்கு இல்லை என்றார். யாராவது வரி என்று போட்டால், பதிவு எண் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 மார்ச்சிலிருந்து இந்த வரி 6-இலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது.

பெரிய நிறுவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்குகிறவருக்கு, கார் பழுதானால் உடனே வேறு கார் வேண்டும் என்கிறவருக்கு, அங்கே எடுப்பதுதான் நல்லது. அவர்களுடைய காப்பில் நம் பொறுப்பு பூஜ்யமாகும். பிறை அண்ணனிடம் 500 ரிங்கிட் வரை நம் தலையில் நிற்கும். அந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். என் கவலையெல்லாம் நாள் வாடகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பதைப் பற்றித்தான்.

அப்புறம் அந்த மூன்றாவது ஆள். நாளுக்கு 130, எல்லாம் சேர்த்து, தாள் எதுவும் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். "நம்ம ஆளுங்கதானே, நம்பிக்கைதான்" என்றார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, அதற்குக் காரணம் இன்சூரன்ஸ். சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த கார் இன்சூரன்ஸ், காரை வாடகைக்கு விட்டால் செல்லாது. பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியிலேயே அது எழுதியிருக்கும். அந்தக் காரில் நாம் போய் இடித்துவிட்டால், கார் சேதத்துக்குப் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் நிறுவனம் சொல்லிவிடலாம். அப்போது உரிமையாளர் நம் வீட்டு வாசலில் வந்துதான் நிற்பார். நம்மிடமும் ஒரு தாள் இருக்காது. வாடகைக்கு விடும் காருக்கு உரிமம் தனி, இன்சூரன்ஸ் வகையும் தனி. காரை எடுக்கும் முன் இன்சூரன்ஸ் கவர் நோட்டைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் வாடகைப் பயன்பாடு என்று இருக்கிறதா, காலாவதித் தேதி நாம் திருப்பித் தரும் நாளைத் தாண்டியிருக்கிறதா, இந்த இரண்டைப் பார்த்தால் போதும். பிறை அண்ணன் கேட்ட சில நிமிடங்களில் அனுப்பினார். மூன்றாவது ஆள் அதற்குப் பிறகு பதில் போடவே இல்லை.

சேதப் பொறுப்பு என்று மேலே சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாடகைக் காரில் ஆளைக் கவிழ்க்கும் தொகை இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இதை எக்ஸஸ் என்று போட்டிருப்பார்கள். இன்சூரன்ஸ் இருந்தாலும் முதல் இவ்வளவு தொகை வரை நாம்தான் கட்ட வேண்டும். பிறை அண்ணனின் ஒப்பந்தத்தில் அல்சாவுக்கு அது 2,000 ரிங்கிட். 6,000 ரிங்கிட்டுக்குச் சேதம் என்றால் நாம் 2,000 கட்டுகிறோம், மீதி இன்சூரன்ஸ். 1,400-க்குச் சேதம் என்றால் 1,400-ஐயும் நாம்தான் கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் பக்கமே போகாது. வாகன நிறுத்துமிடத்தில் தூணில் உரசுவது, பம்பர் உடைவது எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, கவலைப்படாதீங்க" என்று யாராவது சொன்னால், எக்ஸஸ் எவ்வளவு என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுங்கள். 50 ரிங்கிட் கட்டியதால் எங்கள் பொறுப்பு 2,000-இலிருந்து 500-ஆகக் குறைந்தது. முதல் தடவை பழக்கமில்லாத பெரிய காரை ஓட்டுகிறவர்கள் அந்தக் காசைத் தயங்காமல் கட்டலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தக் காப்பிலும் சில பொருள்கள் வராது. டயர், ரிம், கண்ணாடி, காரின் அடிப்பகுதி, தொலைந்த சாவி, இழுவை வண்டிச் செலவு. இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், இடத்துக்கு இடம் மாறும். இணையத்தில் முன்பதிவுத் தளம் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தளமே முழுப் பாதுகாப்பு என்று ஒரு காப்பை விற்கும். அது பல நேரங்களில் கார் நிறுவனத்தின் காப்பு இல்லை. சேதம் ஆனால் கார் நிறுவனத்துக்கு நாம் முதலில் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, பிறகு ரசீதுகளை அனுப்பி அந்தத் தளத்திடம் திரும்ப வாங்க வேண்டும். அதை வாங்கியவர்களுக்கும் முகப்பில் கார் நிறுவனம் தன் காப்பை மறுபடி விற்கப் பார்க்கும். இரண்டு தடவை காசு கட்டிவிடக் கூடாது.

இன்னொரு வரி ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில் இருந்தது. விபத்தாகிக் கார் பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய வாடகையை வாடகைக்கு எடுத்தவர் கட்ட வேண்டும். நாளுக்கு 210. பட்டறையில் உதிரிப் பாகம் வரவில்லை என்று மூன்று வாரம் நின்றால் 4,410 ரிங்கிட். எக்ஸஸைவிட இது பெரிய தொகை. எத்தனை நாள் வரை என்று அந்தத் தாளில் வரம்பு எதுவும் இல்லை. நான் அதைக் காட்டி, "இதுக்கு ஒரு அளவு போட்டுக் குடுங்கண்ணே, இல்லன்னா எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் அதிகபட்சம் 7 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கேட்டால் மாற்றித் தருகிறார்கள். பெரிய நிறுவனத்தில் இப்படி மாற்ற மாட்டார்கள், சிறிய இடத்தில் பேசலாம். கையால் எழுதியதற்குப் பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

போனில் பேசியதையெல்லாம் நான் ஒரு வாட்ஸ்அப் செய்தியாக எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொண்டேன். எடுக்கும் நேரம், கொடுக்கும் நேரம், இடம், மொத்தத் தொகை, அதில் என்னென்ன அடங்கும், எக்ஸஸ் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும், ஓட்டுவது யார் யார், பேராக் மாநிலம் வரை போகிறோம் என்பது. கடைசியில் ஒரு கேள்வி: இதற்கு மேல் எந்தச் சூழ்நிலையில் என்னிடம் காசு கேட்பீர்கள்? அந்தக் கேள்விக்கு வந்த பதிலில்தான் புது விஷயங்கள் இருந்தன. சிகரெட், டுரியான் பழ வாசனை இருந்தால் 250 ரிங்கிட். எண்ணெய், அதாவது பெட்ரோல், குறைந்தால் மீட்டரில் ஒரு கோட்டுக்கு 20. நாளுக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு 30 சென். தாய்லாந்து எல்லையைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் விளம்பரத்தில் இருக்காது.

எங்கே போகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பினாங்கில் சில நிறுவனங்கள் தீவுக்குள் ஓட்ட ஒரு விலை, வெளிமாநிலத்துக்கு ஒரு விலை என்று வைத்திருக்கின்றன. கார்களில் இருப்பிடம் காட்டும் கருவி இருக்கிறது; சொல்லாமல் போனாலும் தெரிந்துவிடும்.

ஓட்டுநர் பெயர் விஷயம் ரொம்ப முக்கியம். தம்பி 'பி' லைசென்ஸ், அதாவது புது ஓட்டுநருக்கான தற்காலிக லைசென்ஸ், வைத்திருக்கிறான். தன் பரிசத்துக்குத் தானே கார் ஓட்டிப் போக வேண்டும் என்று ஆசை. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு அந்த இரண்டு வருடக் காலத்தில் பல நிறுவனங்கள் வாடகைக் கார் கொடுக்க மாட்டார்கள். 'பி' வைத்திருக்கிறவனைக் கொஞ்ச தூரம் ஓட்டட்டும் என்று விட்டு, அந்த நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால், 50 ரிங்கிட் கட்டி வாங்கிய காப்பும் போய்விடும், எக்ஸஸ் கணக்கும் போய்விடும், முழுச் சேதமும் நம் தலையில். தம்பியிடம் இதை விளக்கிச் சொன்னபோது முகம் சுருங்கியது, ஆனால் புரிந்துகொண்டான். அத்தான் பெயரைச் சேர்த்தது பிறகு ரொம்ப உதவியது. ஞாயிறு மாலை களைப்பில் நான் ஒருத்தியே முழுத் தூரமும் ஓட்டியிருக்க முடியாது.

முன்பணம் 300 ரிங்கிட். பெரிய நிறுவனங்கள் கடன் அட்டையில் தொகையைப் பிடித்து வைக்கும்; அது செலவாகக் கணக்கில் வராது, ஆனால் அட்டையின் வரம்பு அந்த அளவுக்குக் குறையும். டெபிட் அட்டை என்றால் கணக்கிலிருந்து பணமே போய்விடும், திரும்பி வர நாளாகும். கையில் இருக்கும் பணத்தை நம்பிப் பயணம் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். சிறிய நிறுவனங்களுக்கு வங்கி வழியாக அனுப்பும்போது, கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். தனி ஆள் பெயரில் இருந்தால் நான் அனுப்ப மாட்டேன். காவல் துறையின் வணிகக் குற்றப் பிரிவு நடத்தும் செமாக் மூல் இணையத்தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டால், அதன் மீது புகார் வந்திருக்கிறதா என்று காட்டும். பண்டிகைக் காலத்தில் முன்பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தளத்தில் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.

வெள்ளிக்கிழமை கார் வந்தது. அடுக்குமாடியின் கீழே மழை பெய்து ஓய்ந்திருந்தது. காரைக் கொண்டுவந்த பையன் சாவியை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னான். ஈரமான காரில் கீறல் தெரியாது. அத்தான் ஒரு பழைய துணியை எடுத்துவந்து பம்பரையும் நான்கு கதவுகளையும் துடைத்தார், நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே சுற்றிவந்தேன். முதலில் நம்பர் பிளேட், பிறகு இடது முன் சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு ரிம், கதவு ஓரம், பின் பம்பரின் அடிப்பக்கம், மேற்கூரை. இடது முன் ரிம்மில் ஓரம் தேய்ந்திருந்தது. கண்ணாடியின் கீழ் மூலையில், வைப்பர் மறைக்கும் இடத்தில், உளுந்து அளவுக்குக் கல் பட்ட புள்ளி. வைப்பரைத் தூக்கிப் பார்த்ததால்தான் தெரிந்தது. கண்ணாடி நம் காப்பில் வராது. அந்தப் புள்ளி ஓடும்போது விரிசலாக நீண்டால் முழுக் கண்ணாடிக்கும் நாம்தான் பொறுப்பு. பையனிடம் காட்டி, அவன் வைத்திருந்த காரின் படத்தில் இரண்டு இடத்தையும் குறிக்கச் சொன்னேன். அவன் முகம் சுளிக்காமல் குறித்தான். உள்ளே வந்து, ஓடிய கிலோமீட்டர், எண்ணெய் அளவு, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரிகிறதா என்பதையும் வீடியோவில் எடுத்தேன். ஏர்கோன் மூன்றாவது வரிசை வரை குளிர்கிறதா என்று அக்கா பின்னால் உட்கார்ந்து பார்த்தார். மாற்று டயர், ஜாக்கி இரண்டும் இருக்கின்றனவா என்று அடியில் திறந்து பார்த்தோம். வீடியோவைப் போனிலேயே வைத்திருக்காமல் அப்போதே பிறை அண்ணனுக்கும் அனுப்பிவிட்டேன், நேரமும் தேதியும் பதிவாகிவிடும்.

குழந்தைக்கு இருக்கை எங்களுடையதே கொண்டுபோனோம். 2020 முதல் குழந்தை இருக்கை கட்டாயம், வாடகைக்கு எடுத்தால் அதற்கு நாள் கட்டணம் தனி. ஏழு பேர் உட்கார்ந்தால் அல்சாவில் பின்னால் சாமான் வைக்கக் கொஞ்ச இடம்தான் இருக்கும். சீர்த் தட்டுகள் எல்லாம் பெரியப்பா காரில் போயின. மூன்று வரிசை என்றதும் சாமானுக்கும் இடம் இருக்கும் என்று நினைத்து எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

டோலுக்கு எங்கள் சொந்த டச் 'ன் கோ அட்டை. காரில் ஒட்டியிருக்கும், டோலைத் தானாகப் பிடிக்கும் ஆர்எஃப்ஐடி வில்லை நிறுவனத்தின் கணக்கோடு இணைந்தது, அதில் போனால் பிறகு டோல் தொகையோடு நிர்வாகக் கட்டணமும் சேர்த்துக் கேட்பார்கள். அட்டைப் பாதையில் மட்டும் போவது நல்லது. ஜூரு டோல் சாவடியில் எந்த அட்டையைத் தொட்டு நுழைகிறோமோ அதே அட்டையைத்தான் வெளியேறும்போதும் தொட வேண்டும், காரில் இரண்டு பேர் அட்டை இருந்தால் குழம்பிவிடக் கூடாது. பினாங்குப் பாலத்தில் தீவுக்கு வரும் திசையில் மட்டும்தான் கட்டணம், அதனால் திரும்பும்போது அட்டையில் மிச்சம் இருக்க வேண்டும்.

குனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் நிறுத்தியபோது அப்பாதான் கவனித்தார், வலது பின் டயர் லேசாக அமுங்கியிருந்தது. ஆணி. டயர் நம் காப்பில் வராது என்று முன்பே தெரிந்ததால் யாரும் பதறவில்லை. எதையும் தொடும் முன் பிறை அண்ணனுக்குப் படம் அனுப்பிப் போன் போட்டேன். "மாத்து டயர் போட்டுக்கிட்டு மெதுவா கமுந்திங் போங்க மா, அங்க ஒட்டிக்கலாம். ரசீது மட்டும் எடுத்து வைங்க" என்றார். அத்தான் டயரை மாற்றினார். பட்டறையில் ஒட்டியதற்குச் சில்லறைச் செலவுதான். ரசீதையும், ஒட்டிய டயரையும் படம் எடுத்து அனுப்பினேன். நிறுவனத்தைக் கேட்காமல் நாமே புது டயர் வாங்கிப் போட்டால், அந்த வகை இல்லை, இந்த அளவு இல்லை என்று மறுபடி காசு கேட்க இடம் இருக்கிறது. நெடுஞ்சாலையின் நடுவில் நின்றுவிட்டால் நெடுஞ்சாலை நிறுவனமான பிளஸின் உதவி எண் 1800-88-0000, அவர்களுடைய ரோந்து வண்டி வரும். பாதையோரம் சுற்றும் தெரியாத இழுவை வண்டிக்காரர்களிடம் காரைக் கொடுத்துவிட வேண்டாம். விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும், அது சட்டம். புகார் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் காப்பும் கிடைக்காது.

பரிசம் நல்லபடியாக முடிந்தது. குங்குமம், சந்தனம், பூ, தேங்காய் என்று எல்லாம் காருக்குள் வரும் என்பதால் அம்மா இருக்கைகள் மேல் பழைய கைலிகளை விரித்துவிட்டார். துணி இருக்கையில் குங்குமம் பட்டால் சுலபத்தில் போகாது. சம்பந்தி வீட்டில் ஒரு மூட்டை டுரியான் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் மரியாதை இல்லை, எங்கள் காரில் ஏற்றினால் 250 ரிங்கிட். பெரியப்பா தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

எண்ணெய் விஷயம் சுருக்கமாக. எடுத்த அளவுக்கே நிரப்பிக் கொடுப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். மீட்டரில் ஒரு கோடு ஏறக்குறைய 5 லிட்டர் என்று வைத்தால், 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில் அது 10 ரிங்கிட்டுக்குள் முடியும். அதையே அவர்கள் போட்டால் 20. மைகாட் என்ற அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்குத்தான் அந்த மானிய விலை, தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் தாமே எண்ணெய் ஊற்றினால் கூடுதல் விலைதான் கொடுக்க வேண்டும். காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்து நிலையத்தில் ஊற்றி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது அவசரப்படக் கூடாது. ஞாயிறு 8 மணிக்கு வருவதாகச் சொன்ன பையன் வந்தான். இருட்டிவிட்டதால் விளக்குக் கம்பத்துக்குக் கீழே நிறுத்தினேன். மறுபடி அதே வரிசையில் வீடியோ. அவன் டார்ச் அடித்து இடது முன் ரிம்மில் நின்றான். வெள்ளிக்கிழமை அவனே குறித்த தாளைக் காட்டினேன், தலையாட்டிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனான். கார் பெற்றுக்கொள்ளப்பட்டது, புதுச் சேதம் இல்லை, எண்ணெய் சரி என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள், நாளை பார்த்துக்கொள்கிறோம் என்று எந்த நிறுவனமாவது சொன்னால், அந்த இடைப்பட்ட இரவில் காருக்கு என்ன ஆனாலும் நம் கணக்கில் வரலாம். அப்படிப் போட வேண்டிய நிலை வந்தால் நிறுத்திய இடத்தையும் சேர்த்து வீடியோ எடுத்து அப்போதே அனுப்பிவிட வேண்டும்.

முன்பணம் உடனே வராது. போக்குவரத்து அபராதச் சம்மன் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தருவார்கள், அது நியாயம்தான். வேகக் கேமராவில் சிக்கினால் சம்மன் கார் உரிமையாளர் பெயருக்குத்தான் போகும். தீவில் நிறுத்துமிடக் கட்டணத்துக்குப் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியில் வாடகைக் காரின் எண்ணைச் சரியாகப் பதிந்து கட்டுங்கள். சொந்த வண்டியின் எண்ணிலேயே கட்டிவிட்டு அபராதம் வாங்கியவர்களைத் தெரியும். எங்களுக்கு 14 நாளுக்குள் என்று எழுதியிருந்தது, அதற்குள் 300 ரிங்கிட்டும் முழுதாக வந்துவிட்டது. சம்மன் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டால், சம்மனின் படத்தைக் கேளுங்கள். தேதியும் நேரமும் கார் நம் கையில் இருந்த நேரமா என்று பார்க்க வேண்டும்.

சாக்குச் சொல்லிக்கொண்டே பணத்தைத் தராதவர்களும் இருக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு இன்னோர் இடத்தில் அப்படி நடந்தது. மாதக்கணக்கில் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்ற பதில்தான். 300 ரிங்கிட்டுக்கு யார் வழக்குப் போடுவார்கள் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள், அவர்களும் அதை நம்பித்தான் இழுக்கிறார்கள். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, இணையம் வழியாகவும் மனு போடலாம். ஒப்பந்தத் தாள், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய வங்கி ரசீது, இரண்டு வீடியோ, இவற்றை எடுத்து வைத்திருந்தார் அவர். மனு போட்டுவிட்டு அதன் நகலை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினார். விசாரணை நாள் வரும் முன்பே முழு முன்பணத்தையும் அவர் கணக்கில் போட்டுவிட்டார்கள்.